ராக்ஸான் வோக்டின் அறுபத்தொரு புள்ளிகள்

"ரென்ஷாவை மூணாவதா போட்டிருக்கியா?"

டோபோட்ஸ் பேஸ்பால் அணிக்குப் புள்ளிவிவரம் எழுதும் மேரன் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். ராக்ஸான் வோக்ட் ஸ்கோரர் அறையின் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். ஒரு கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். மறு கையில், அன்று காலை மேரனே அச்சடித்து அலுவலகப் பலகையில் குத்திவைத்த, அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல். குண்டூசியோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"நான் போடல. கணக்கு போட்டுச்சு," என்றாள் மேரன்.

"கணக்குக்குக் கை முளைச்சிருக்கா என்ன? டைப் அடிச்சது யாரு?"

"நான்தான். ஆனா எழுபத்தஞ்சு வருஷத்துல டோபோட்ஸுக்கு ஆடின அத்தனை பேரையும் ஒரே சூத்திரத்துல போட்டேன். அடிக்கிறதுக்கு இத்தனை, ஓடுறதுக்கு இத்தனை, பந்து பிடிக்கிறதுக்கு இத்தனை. எனக்கு யார் மேலயும் பாசமும் இல்ல, பகையும் இல்ல. பாதிப் பேரை நான் பார்த்ததுகூட இல்ல."

"அதான் தெரியுதே. பெர்டோமோ எங்க?"

"நாப்பத்தி ஒண்ணாவது."

"நாப்பத்தி..." ராக்ஸானுக்கு விதை தொண்டையில் சிக்கியது. இருமி, காகிதக் கோப்பையில் துப்பிவிட்டுத் தொடர்ந்தார். "ஏன் கண்ணு, நாப்பது பேருக்குப் பின்னாடியா? அவனைப் பார்க்கத்தான் அந்த ரெண்டு வருஷம் இந்த ஊரே வந்துச்சு!"

"ரெண்டு வருஷத்துல தொண்ணூத்தேழு பிழை, ராக்ஸான். ரென்ஷாவுக்கு மூணு வருஷத்துக்கும் சேர்த்து அம்பதுதான். ரெண்டு பேருமே ஷார்ட்ஸ்டாப். ரெண்டாம் தளத்துக்கும் மூணாம் தளத்துக்கும் நடுவுல ஒரே இடத்துல நின்னவங்க. இதுல நான் என்ன செய்ய?"

"ரென்ஷா பந்துகிட்ட போனாத்தானே பிழை வரும்! அவன் நட்டுவச்ச தபால் பெட்டி மாதிரி நிப்பான். ரெண்டடி தள்ளிப் போற பந்தை டாட்டா காட்டி அனுப்புவான். பெர்டோமோ அடுத்த தெரு வரைக்கும் ஓடிப் பாஞ்சு பிடிப்பான். பத்துல ஒண்ணு கையுறையில பட்டு நழுவும். நழுவினா பிழை. கிட்டயே போகலைன்னா பிழை இல்லையாம்! ஓடினவனுக்கு அபராதம், நின்னவனுக்கு மெடல். இதுக்குப் பேரு கணக்கா? இதைத்தான் காலேஜுல நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தாங்களா உனக்கு?"

மேரனுக்கும் கொஞ்சம் கோபம் வந்தது. அவள் குரலை உயர்த்துகிறவள் அல்ல. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவாள்.

"நான் புத்தகத்துல இருந்ததைத்தான் எடுத்தேன். அந்தத் தொண்ணூத்தேழையும் பிழைன்னு எழுதினது யாரு?"

குத்திக்காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. அந்த வருடங்களில் யார் ஸ்கோரர் என்பது அவளுக்கு உண்மையாகவே தெரியாது.

ராக்ஸான் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பென்சில்களையும் ஒரு பேனாவையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். கீழே மைதானத்தில் தேசிய கீதம் தொடங்கியது. எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, பாட்டு முடிந்து உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"நான்தான்."



*

கெல்லர்ஸ் லேண்டிங்கில் ராக்ஸானைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் பாதிப் பேர் அவருடைய மஞ்சள் பேருந்தில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள். எட்டாம் நம்பர் பேருந்து. பின் இருக்கையில் யார் யாரைக் கிள்ளினாலும் கண்ணாடியில் பார்த்துவிடுவார். பார்த்தால் பேருந்தை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, கிள்ளியவன் மன்னிப்புக் கேட்கும்வரை நகர்த்தமாட்டார். ஒருமுறை இருபது நிமிடம் நிறுத்திவைத்ததில் பள்ளி முதல்வரே தேடிக்கொண்டு வந்துவிட்டார். ராக்ஸான் அவரையும் உள்ளே ஏற்றி உட்காரவைத்தார். அநியாயம் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவருக்குக் காலும் ஓடாது, பேருந்தும் ஓடாது.

காலையும் மாலையும் பேருந்து. கோடை வந்தால் ஸ்கோரர் அறை. டோபோட்ஸின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முப்பத்தெட்டு வருடமாக அவர்தான் அதிகாரபூர்வ ஸ்கோரர். மட்டையில் பட்ட பந்தைத் தடுப்பவர் கோட்டைவிட்டால், அது அடித்தவரின் திறமையா, தடுத்தவரின் தப்பா என்று அந்த நொடியில் தீர்ப்புச் சொல்வது ஸ்கோரரின் வேலை. அடித்தவரின் திறமை என்றால் 'ஹிட்'. தடுத்தவரின் தப்பு என்றால் 'பிழை'. சாதாரண முயற்சியில் பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் மட்டுமே பிழை என்று விதிப்புத்தகம் சொல்கிறது. சாதாரணம் எது என்பதை அது ஸ்கோரரின் கண்ணுக்கு விட்டுவிட்டது.

ராக்ஸான் அந்த நாற்காலிக்கு வந்தபோது வயது இருபத்து மூன்று. அவருக்கு முன்னால் வால்ட் கிம்மல் என்பவர் ஸ்கோரர். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து பீர் குடிக்கிறவர். உள்ளூர்ப் பையன் இரண்டு காலுக்கும் நடுவே பந்தை விட்டாலொழியப் பிழை என்று எழுதமாட்டார். ரென்ஷா ஆடிய மூன்று வருடமும் வால்ட்டின் காலம். வால்ட்டுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது, பள்ளி அணிக்கு ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த ராக்ஸானைப் பாதிப் பருவத்தில் அவசரத்துக்குக் கூப்பிட்டார்கள். அவசரம் முப்பத்தெட்டு வருடம் நீண்டுவிட்டது.

முதல் நாள் அந்த அறையில் வானொலிக்காரர், செய்தித்தாள்காரர், ஒலிபெருக்கிக்காரர் என்று மூன்று ஆண்கள் இருந்தார்கள். ராக்ஸான் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது உள்ளே சிரிப்புச் சத்தம். பொண்ணு எத்தனை நாளில் கவிழும் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். "நம்ம பையன் ஒருத்தன் மேல பார்த்துக் கண்ணடிச்சாப் போதும், பிழையெல்லாம் ஹிட்டா மாறிடும்" என்றார் வானொலிக்காரர். ஒருவர் ஒரு வாரம் என்றார், இன்னொருவர் மூன்று நாள் என்றார்.

ராக்ஸான் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்காதவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். அன்றைக்கு எடுத்த முடிவு: கையுறையில் பந்து பட்டுவிட்டதா, அப்படியானால் அது பிழை. பாய்ந்து பட்டதா, தலைகீழாக விழுந்து பட்டதா என்ற பேச்சே இல்லை. மூன்று நாள் போனது. ஒரு வாரம் போனது. பந்தயம் கட்டிய மூவரும் தோற்றார்கள். "அடேயப்பா, பொண்ணுக்கு இரும்பு நெஞ்சு" என்று செய்தித்தாள்காரரே சொன்னார். அந்தப் பாராட்டைக் கேட்டு அன்று வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனதாக ராக்ஸான் பிற்பாடு மேரனிடம் சொன்னார். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் அதே வாரம்தான் டொமினிகன் குடியரசிலிருந்து இருபத்தோரு வயது எலிசியோ பெர்டோமோ அணிக்கு வந்து சேர்ந்தார். யாருக்கும் எட்டாத பந்தெல்லாம் அவருக்கு எட்டியது. எட்டிய பந்தெல்லாம் கையுறையில் பட்டது.

*

மறுநாள் ராக்ஸான் ரொட்டிப் பையில் சுற்றி இரண்டு பழைய ஸ்கோர் புத்தகங்களைக் கொண்டுவந்து மேரனின் மேசையில் போட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, முகமனும் சொல்லவில்லை.

"புள்ளியை எண்ணு."

"என்ன புள்ளி?"

ராக்ஸான் ஒரு பக்கத்தைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினார். ஷார்ட்ஸ்டாப்பின் எண் ஆறு. 'ஈ-6' என்று பேனாவில் எழுதியிருந்தது, அதாவது ஷார்ட்ஸ்டாப்பின் பிழை. அதன் வலது மூலையில், கண்ணை இடுக்கினால் மட்டும் தெரியும்படி, பென்சிலால் ஒரு புள்ளி.

"எழுதின தீர்ப்பை மாத்திக்க ஸ்கோரருக்கு அப்பல்லாம் ஒரு நாள் தவணை உண்டு. இருபத்திநாலு மணி நேரம். எழுதும்போதே மனசு உறுத்துச்சுன்னா ஒரு புள்ளி வச்சுப்பேன். வீட்டுக்குப் போய் யோசிச்சு, ஹிட்னு தோணுச்சுன்னா காலையில போன் பண்ணி மாத்திடலாம்னு."

"எத்தனை மாத்தினீங்க?"

"ஒண்ணுகூட இல்ல. மாத்தினா அந்த மூணு பேரும் சிரிப்பானுங்களே."

மேரன் எண்ணினாள். மதியச் சாப்பாட்டுக்கு வாங்கிவந்த பொரித்த பன்றியிறைச்சி பன் ஆறிப்போய் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. மற்ற ஆட்டக்காரர்களின் பிழைகளையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். இரண்டு வருடத்தில் மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பதினான்கு புள்ளிகள். பெர்டோமோவுக்கு மட்டும் அறுபத்தொன்று.

சூத்திரத்தில் அந்த அறுபத்தொன்றையும் ஹிட் என்று வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மட்டை பிடித்ததிலும் தளம்விட்டுத் தளம் ஓடியதிலும் பெர்டோமோவின் எண்கள் ஏற்கெனவே உச்சியில் இருந்தன. பிழைகளின் சுமை நீங்கியதும் ஆறாவது இடத்துக்கு வந்து நின்றார்.

"ஆறாவதா!" என்று ராக்ஸான் மேசையைத் தட்டினார். "ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆறாவது இடம். கடவுளே எண் போட்டுக் கொடுத்திருக்கார். வா, சிப்லிகிட்டப் போவோம்."

மேரன் அசையவில்லை. "இது சரியா வராது, ராக்ஸான். உங்க மனசு உறுத்தினதை நான் எண்ணா எடுக்க முடியாது."

"ஓ, என் மனசை எடுக்க முடியாது. என் பயத்தை மட்டும் எடுப்பியா? அந்தத் தொண்ணூத்தேழு என் பயம்தானே! அதைப் பேனாவுல எழுதினேன்னு உனக்கு அது எண். இதைப் பென்சில்ல வச்சேன்னு இது எண் இல்ல."

மேரன் புதுப் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். காலேஜில் நான்கு வருடம் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

*

பிரென்ட் சிப்லி அணியின் தலைவர். சிரித்த முகம், வெள்ளைப் பல், யார் பேசினாலும் தலையாட்டுவார். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தின் பின்சுவரில் எல்லாக் காலத்துக்குமான மகத்தான பத்துப் பேரின் பெயரை எழுதித் திரை விலக்குவது என்று அறிவித்தவர் அவர்தான். ஊர்க்காரர்கள் அடித்துக்கொள்வார்கள், அதனால் புள்ளிவிவரத்தை வைத்தே முடிவு என்று சொன்னவரும் அவர்தான். மேரன் காகிதத்தை நீட்டியதும் பார்த்தார், தலையாட்டினார்.

"பிரமாதமா இருக்கு. ஆனா பெயின்ட் வந்திறங்கிடுச்சு."

"பெயின்ட்டுக்கு என்ன தெரியும், யார் பேரை எழுதப்போறோம்னு?" என்றார் ராக்ஸான்.

"ராக்ஸான், ராக்ஸான்... இதோ பாருங்க. அந்தச் சுவரே ரென்ஷா மோட்டார்ஸ் கட்டிக்கொடுத்தது. ஆனா அதுக்காக நான் சொல்லல. எண் சொல்லுது. நான் யாரு நடுவுல?"

"எண்ணை எழுதின நானே சொல்றேன் அது தப்புன்னு!"

"சரி. அப்ப அதிகாரபூர்வமா மாத்துங்க." சிப்லி சிரித்தார். "மாத்த முடியுமா? ஒரு நாள் தவணை முடிஞ்சு முப்பத்தேழு வருஷம் ஆச்சே. விதியை எனக்கே வகுப்பெடுத்தவங்களாச்சே நீங்க. முடியாதுல்ல? அப்ப அது பிழைதான்."

ராக்ஸானின் முகம் கழுத்துவரை சிவந்தது. மேரன் அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ மேசைமேல் இருந்த ரென்ஷா மோட்டார்ஸ் பேனாவை எடுத்து, சிப்லியின் காபிக் கோப்பைக்குள் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

படிக்கட்டில் மேரன் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "புத்தகம் உங்ககிட்டதானே இருக்கு. பழைய தேதி போட்ட ஒரு திருத்தத் தாள்... அன்னைக்கே மாத்தினதா..."

"பொய்த் தாளா?" ராக்ஸான் நின்று திரும்பினார். "என்னை என்னன்னு நினைச்சே? நான் எழுதினது தப்பு. அதைத் திருட்டுத்தனமா அழிச்சா அவன் பிழை போயிடும். கூடவே என் பிழையும் போயிடும். ரென்ஷாவுக்கு ஒரு வால்ட் வாய்ச்ச மாதிரி எனக்கு நீ வாய்ப்பியா? நல்லா இருக்கு நியாயம்!"

மேரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ராக்ஸானே படியிறங்கிக்கொண்டே, "வண்டியில ஏறு. போக வேண்டிய இடம் வேற இருக்கு," என்றார்.

*

பெர்டோமோ ஊரைவிட்டுப் போகவே இல்லை. அணி அவரை விலக்கிய குளிர்காலத்தில் இறைச்சி ஆலையில் சேர்ந்தார். இருபத்தெட்டு வருடம் அங்கேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றார். அன்று கார் கொட்டகையில் எண்ணெய்ச் சட்டியை வைத்து, ஆற்றில் பிடித்த கெளுத்தி மீனைப் பொரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நசுக்கிப் பொரித்த பச்சை வாழைக்காய்த் துண்டுகள். ராக்ஸானைக் கண்டதும் கரண்டியை நெற்றிக்கு உயர்த்திச் சலாம் வைத்தார்.

"வாங்க ஜட்ஜம்மா. என்ன தப்பு பண்ணினேன் இப்போ?"

இத்தனை வருடத்தில் கடையிலும் ஆலயத்திலும் எத்தனையோ முறை பார்த்துக்கொண்டவர்கள். அவர் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். ராக்ஸான் எப்போதும் சிரித்துக் கடந்துபோவார். அன்று சிரிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: மேரனின் பட்டியல், பின்சுவர், வானொலிக்காரரின் பந்தயம், கையுறை விதி, பென்சில் புள்ளி, அறுபத்தொன்று.

பெர்டோமோ மீனைத் திருப்பிப் போட்டார். "அறுபத்தொண்ணுதானா? நான் எழுபதுன்னு எண்ணி வச்சிருக்கேன்."

"கிண்டல் பண்ணாதே, எலிசியோ."

"கிண்டல் இல்ல. ஒவ்வொரு தடவை நழுவும்போதும் மேல ஜன்னலைப் பார்ப்பேன். சுருட்டை முடி தெரியும். குனிஞ்சு எழுதுறது தெரியும். 'எழுதுறா பாரு, எழுதுறா பாரு'ன்னு ரெண்டாம் தளத்துக்காரன் சிரிப்பான்." கரண்டியைக் கீழே வைத்தார். குரல் மாறியது. "உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? ரெண்டாவது வருஷம் ஆகஸ்ட்ல கோச் கூப்பிட்டுச் சொன்னார், 'எலிசியோ, தள்ளிப் போற பந்துக்கு ஓடாதே. விட்டுடு. அவ எழுத மாட்டா. பிழை குறைஞ்சா மேல் அணிக்குப் போயிடுவே'ன்னு. ஒரு ஆட்டம் அப்படி நின்னு பார்த்தேன். என் இடது பக்கமா ஒரு பந்து போச்சு. எடுத்திருப்பேன். எடுக்கல. யாரும் ஒண்ணும் சொல்லல. கைகூடத் தட்டினாங்க, அதுக்கு முன்னாடி எடுத்த பந்துக்காக. எனக்குத் திருடின மாதிரி இருந்துச்சு. அடுத்த நாள் மறுபடி ஓடினேன்."

"அந்தத் தேதி?" என்று மேரன் மெல்லக் கேட்டாள்.

"பதினெட்டு. என்னை விலக்கின காகிதத்துல ஒரே வரி: 'தொண்ணூத்தேழு பிழை.' ஆட்டத்தைப் பார்க்காத ஒருத்தன் எங்கயோ உட்கார்ந்து எழுதினது." அவர் மேரனைப் பார்த்தார். "இப்ப நீ எழுதினியே, அதே மாதிரி."

மேரன் தலை குனிந்தாள்.

"சுவர்ல என் பேரு வேணாம்," என்றார் பெர்டோமோ. "ரென்ஷா பேருக்குக் கீழ நான் ஏன் நிக்கணும்? ஆனா நான் ஓடினேன்னு எங்கயாவது எழுதியிருக்கணும். அது போதும். உக்காருங்க ஜட்ஜம்மா, மீன் கருகுது." ராக்ஸான் உட்கார்ந்தார். தட்டை வாங்கும்போது ராக்ஸானின் கையிலிருந்து ஒரு துண்டு நழுவித் தரையில் விழுந்தது. பெர்டோமோ தரையைப் பார்த்தார், ராக்ஸானைப் பார்த்தார். "இதை என்னன்னு எழுதலாம்?" என்றார்.

*

ஜூலை நான்காம் தேதி திரை விலகியது. ஆற்று ஈசல் மொய்த்து, புது பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது பெயராக ரென்ஷா. அவர் தொப்பியைத் தூக்கிக் கையசைத்தார். ஊர் கைதட்டியது. மேலே ஸ்கோரர் அறையில் ராக்ஸான் கைதட்டவில்லை. பென்சில்களை வரிசையாக வைத்து, முதல் பந்துக்குக் காத்திருந்தார். அன்று எதிரணி ஷார்ட்ஸ்டாப் ஒருவன் பாய்ந்து விழுந்து நழுவவிட்ட பந்துக்கு ஹிட் என்று எழுதினார். ஹிட் என்று எழுத அவர் தயங்குவதை நிறுத்திப் பல வருடமாயிற்று என்பது மேரனுக்கு அப்போதுதான் உறைத்தது. ராக்ஸான் கற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

அந்த ஆகஸ்ட்டில் மேரன் அணி வேலையை விட்டாள். அதற்கு முன் பழைய புத்தகங்கள் அனைத்தையும் மறுபடி படித்து வேறொரு கணக்கு எழுதினாள். ஷார்ட்ஸ்டாப் ஒருவர் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பந்துகளை அடைந்தார் என்ற கணக்கு அது. பெர்டோமோ ஆட்டத்துக்கு ஐந்தரை. ரென்ஷா நாலு. சுவர் விட்டுவிட்டது என்ன என்று முதல் வரியிலேயே எழுதினாள். பதினெட்டாம் தேதி போன பந்தையும், பென்சில் புள்ளிகளையும் தனித்தனியாகக் குறித்தாள். நகர நூலகம் அதைப் பெட்டகத்தில் வாங்கி வைப்பதாகச் சொன்னது.

கொடுப்பதற்கு முந்தைய நாள், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில், எட்டாம் நம்பர் பேருந்து கடைசிக் குழந்தையையும் இறக்கிவிட்டுக் காலியாக நின்றது. ராக்ஸான் ஸ்டீயரிங் மேல் தாள்களை விரித்து, ஒரு வரி விடாமல் படித்தார். கடைசித் தாளின் அடியில் வெற்றிடம் இருந்தது. அங்கே விரலை வைத்தார்.

"இங்க என் பேரை எழுது, கண்ணு. ஸ்கோரர் ராக்ஸான் வோக்ட். பக்கத்துல பிழைன்னு போட்டு, அறுபத்தொண்ணுன்னு போடு. பென்சில்ல வேணாம். பேனாவுல எழுது."